பாலாற்றுப் பக்கம் மூன்று வீட்டு ஆட்சி

கயிறு வாங்க வருபவரிடம் எதற்கு என்று கேட்பது வியாபாரி வழக்கம். கிணற்றுக்கா, மாட்டுக்கா, கூரைக்கா என்று தெரிந்தால்தான் பருமன் சொல்ல முடியும். திருமுக்கூடலில் ஒரு பெண்ணிடம் நான் அப்படிக் கேட்டபோது, "எம் புருசனைக் கட்டறதுக்கு" என்று பதில் வந்தது. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அங்கே போய்ச் சேர்ந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் குளச்சலுக்குப் பக்கம். தேங்காய் நாரைத் திரித்துப் பிழைக்கும் ஊர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், கொழும்பு, ரங்கூன் என்று சுற்றிவிட்டு, காலில் ஆணியோடு ஊர் திரும்பியிருந்தேன். கயிற்று முதலாளி ஒரு நாள் கூப்பிட்டு, "வடக்க செங்கல்பட்டு ஜில்லாவுல ஏரியும் கெணறுமாக் கெடக்காம். போய் வித்துப் பாரும்வே" என்றார். இரண்டு மூட்டைக் கயிற்றோடு புறப்பட்டேன். நயா பைசா புதிதாக வந்து, கடைக்குக் கடை அணாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம்.

செங்கல்பட்டில் ஏறிய பஸ் பழையசீவரம் மலைக்கோயிலைக் கண்டதும் கும்பிட்டு உட்கார்ந்ததுபோல முன்பக்கம் சரிந்து நின்றுவிட்டது. அச்சு முறிந்திருந்தது. "எறங்கு, எறங்கு. சாமி பாத்துட்டு வாங்க, சாயங்காலம் போலாம்" என்றார் கண்டக்டர், ஏதோ அவரே ஏற்பாடு செய்த யாத்திரை மாதிரி. மூட்டைகளைத் தலையில் வைத்து இறக்கி, சாலையோர இட்லிக் கடை ஒன்றில் போட்டேன். கடைக்காரி பெயரை சரோஜா என்று வைத்துக்கொள்வோம். ஊர்ப் பெயர்களைத் தவிர இங்கே எல்லாப் பெயர்களும் நான் வைத்தவை. காரணம் போகப் போகப் புரியும்.

இட்லிக்கு வேர்க்கடலைத் துவையல் வைத்தாள். எங்கள் பக்கம் தேங்காய் இல்லாத துவையலைத் துவையல் என்றே சொல்லமாட்டோம். ஆனால் பசியில் ஏழெட்டு இட்லி இறங்கியது. கூட்டம் கலைந்த பிறகு ஒரு மாட்டு வண்டிக்காரன் உள்ளே வந்தான். அவள் புருஷன். நாற்பது வயது இருக்கும், நல்ல உடம்பு. மூலையில் மூட்டைக்குப் பின்னால் சாய்ந்திருந்த என்னை அவன் பார்க்கவில்லை. அவள் முதுகு காட்டி நின்ற நேரம் பார்த்துத் தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்தான். எடுத்தவன் ஒளித்துத் தின்றிருக்கலாம். அவள் காதுக்குக் கேட்கும்படி நறுக்கென்று கடித்தான்.

"யாரக் கேட்டுத் துண்ண?"

"யாரையும் கேக்கல."

"குந்து."

அவன் சிரித்துக்கொண்டே இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தான். அவள் பாத்திரம் கழுவி முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. இடையில் ஒரு கை காதைவிட்டு இறங்கியது. "கை இன்னா பண்ணுது?" கை மறுபடி ஏறியது. அவள் வாய்தான் அதட்டியது. கண்ணெல்லாம் சிரிப்பு. கடைசியில் அவளே பாதி வடையை ஊட்டிவிட்டு, "போய்யா, மாடு காத்துக்கினு கீது" என்று தோளில் தட்டி அனுப்பினாள். அப்போதுதான் என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வேறொருவனாக இருந்தால் இதைப் புருஷன் பெண்டாட்டி விளையாட்டு என்று விட்டிருப்பான். எனக்கு விளங்கியது. கொழும்பில் நான் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தபோது, அதை நடத்திய அம்மாளும் நானும் சில வருஷம் சேர்ந்து இருந்தோம். கதவைச் சாத்தினால் அவள் சொல், நான் செயல். நில் என்றால் நிற்பேன், மண்டியிடு என்றால் மண்டியிடுவேன். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. அப்படி அடங்கி இருப்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அவளுக்கு ஆள்வதில் நிம்மதி. நோயில் அவள் போன பிறகு ரங்கூனுக்குக் கப்பல் ஏறினேன். அதனால் இப்படிப்பட்ட வீடுகளை எனக்கு வாசலிலேயே தெரியும். எழுதத் தகாததை எழுதப்போவதில்லை. ஆனால் ஆள்வதில் எத்தனை வகை உண்டு என்பதைப் பாலாற்றங்கரையில்தான் பார்த்தேன். அதை எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

சரோஜா சிரிப்பால் ஆண்டாள். அடுத்துத் தென்னேரியில் பார்த்தவர் நேர் எதிர்.

ஏரி அங்கே கடல் மாதிரி கிடக்கிறது. எங்கள் ஊர்க் கடலைப் பார்த்தவனுக்கே கொஞ்சம் மரியாதை வந்தது. மழை பிடித்துக்கொண்டதால், பட்டாளத்திலிருந்து திரும்பிய தானியேல் என்பவர் வீட்டில் தங்கினேன். அவர் மனைவி ரோசம்மா நடவுக்குப் போகிறவள். சாயங்காலம் வயலிலிருந்து வந்தவளை அவர் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"கால் கழுவு. மொகம் தொடை. குந்து. சாப்டு."

விரால் மீன் குழம்பும் சோறும் அவளுக்குத்தான் முதலில் வைத்தார். அவள் தின்னும்வரை பட்டாளக்காரர் விறைப்பாகப் பக்கத்தில் நின்றார். "இன்னும் ஒரு கரண்டி." "போதுங்க." "நான் கேக்கல. சொன்னேன்." அவள் தலையைக் குனிந்து தின்றாள். எந்தச் சேலை கட்டுவது, எப்போது தூங்குவது, வயலில் எந்த வேளை நிழலில் உட்காருவது, எல்லாம் அவர் உத்தரவு. இரவு படுக்கப் போகுமுன் அவள் மண்டியிட்டு அவர் பூட்ஸைக் கழற்றி, துடைத்து, சுவரோரம் வைத்தாள். அதை ஜபம் பண்ணுவது போலச் செய்தாள்.

எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. பெண்டாட்டியை அதட்டாத புருஷன் எந்த ஊரில் இருக்கிறான்? மறுநாள் அவர் வெளியே போயிருந்தபோது ரோசம்மாவிடமே கேட்டுவிட்டேன்.

"எல்லா ஆம்பளயும் அதட்றான். எவனாச்சும் அதட்டலாமான்னு கேட்டுட்டு அதட்றானா?" என்றாள். "இவுரு கேப்பாரு. ஞாயித்துக்கெயம கோயில்லேர்ந்து வந்ததும் எதுர்ல குந்திக்கினு, 'ரோசா, இந்த வாரமும் சம்மதமா?'ம்பாரு. போன அறுப்புல ஒடம்பு முடியல, வேணான்டேன். அந்த வாரம் பூரா சட்டி பானைய கய்விக்கினு, வாய தொறக்காம கெடந்தாரு. பாவமா இருந்திச்சி."

"உங்களுக்கு இது பிடிக்குமா?"

"பகல் பூரா கண்டவன் ஏவலு. வேற வழியில்ல, செஞ்சித்தான் ஆவணும். வூட்ல இவுரு ஏவலு நானா குடுத்தது. ரெண்டும் ஒண்ணா நைனா?"

கருவாட்டுப் பொட்டலம் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினாள். அதையும் அவர் உத்தரவு என்றாள்.

மழை விட்டதும் ஆற்றைக் கடந்தேன். பாலாறு என்று பெயர், பாதி ஆறு மணல். அதோடு வேறு இரண்டு ஆறுகள் வந்து கூடுகிற இடத்தில் முழங்கால் தண்ணீரில் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்ததில் ஒரு செருப்பு போயிற்று. மறு செருப்பையும் ஆற்றுக்கே கொடுத்துவிட்டு வெறுங்காலோடு திருமுக்கூடல் கரை ஏறினேன். புருஷனைக் கட்டக் கயிறு கேட்ட கன்னியம்மா அங்கேதான்.

முப்பத்தைந்து வயது இருக்கும். கறுத்து நெடிய உடம்பு. என் கயிற்றை எடுத்துத் தன் மணிக்கட்டின் உள்பக்கம் தேய்த்துப் பார்த்தாள். மூட்டை மேல் திருப்பிப் போட்டாள்.

"இத்தக்கொண்டா கட்டறது? தோல உரிச்சிடும். நூல்ல முறுக்குனது கீதா?"

அவளுக்குப் பின்னால் அவள் புருஷன் ஏழுமலை நின்றிருந்தான். இரண்டு மணிக்கட்டிலும் வளையல் போட்டது போலச் சிராய்ப்பு, காய்ந்துகொண்டு வந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"காஞ்சிபுரத்துல நெசவுக்காரங்ககிட்ட கிடைக்கும், வாங்கியாறேன்" என்றேன். "ஆனா கட்டும்போ கைக்கும் கயித்துக்கும் நடுவுல ஒரு விரல் போகணும், தாயீ."

அவள் என்னை முறைத்தாள். "ஒனக்கு எப்டித் தெரியும்?"

"என்னையும் கட்டுன ஆள் இருந்தாங்க."

ஏழுமலை தலையை நிமிர்த்தினான். கன்னியம்மா சிரித்தே விட்டாள். "யோவ், கயித்துக்காரருக்கு கூயு கொண்டா" என்றாள். அவன் கேழ்வரகுக் கூழும் வெங்காயமும் கொண்டுவந்தான். தானியேல் வீட்டுக் கருவாட்டைச் சுட்டோம்.

இருவரும் ஏற்றம் இறைப்பவர்கள். ஏற்றத்தின் குறுக்கே கிடக்கும் பெரிய நெடுமரத்தின் மேல் அவன் முன்னும் பின்னும் நடப்பான், கிணற்று ஓரம் நின்று அவள் தண்ணீர் மொள்ளும் சால் வாளியைப் பிடித்துக் கவிழ்ப்பாள். பெண் சால் பிடிப்பது அங்கேயும் அரிது. மேலே நடப்பவனுக்குக் கால் தளர்ந்தால் வாயால் கூப்பிட மாட்டான், கைப்பிடி மூங்கிலை இரண்டு தட்டுத் தட்டுவான். அந்தக் கணமே கீழே நிற்பவர் சால் தொங்கும் கழியை அசையாமல் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே இருப்பவன் கிணற்றுக்குள் போவான். ஏற்றம் இறைக்கும் எல்லாருக்கும் அது தெரியும்.

"அவருதான் கேட்டாரு," என்றாள். "கலியாணம் ஆயி ரொம்ப நாளு கயிச்சி. கட்டிப் போடுன்னாரு. பைத்தியமான்னு திட்டுனேன். ஒரு போகம் பூரா மாட்டேன்னுட்டேன். அப்பால யோசிச்சேன். மரத்துமேல ஏறுனா அவரு உசுரு எங்கைலதான கீது? வூட்லயும் அப்டித்தான்னு சொன்னேன். ரெண்டு தட்டு தட்டுனா அவுத்துடுவேன். ஏன்னு கேக்கமாட்டேன்."

இந்த வீட்டு ஆட்சியில் பேச்சே இல்லை. அன்று மாலை நான் வாசலில் இருக்கும்போதே பார்த்தேன். அவள் விரலால் தரையைக் காட்டினால் அவன் உட்கார்ந்தான். கண்ணால் குடத்தைக் காட்டினால் தூக்கினான். சோறு வேகும்வரை கை கட்டுண்டு நெல் குதிரில் சாய்ந்திருப்பானாம். வெந்ததும் அவிழ்த்துவிட்டு அவளே ஊட்டி, மணிக்கட்டில் எண்ணெய் தேய்த்து விடுவாளாம். இதைச் சொன்னது அவன்தான். "அந்த நேரம் மட்டுந்தாங்க மண்டைல ஒரு சத்தமும் கெடையாது," என்றான். முதலில் ஏற்றக் கயிற்றாலேயே கட்டியிருக்கிறாள். அதில் வந்ததுதான் சிராய்ப்பு. கையில் எது கிடைக்கிறதோ அதை எடுப்பது உழவர் புத்தி.

காஞ்சிபுரம் போய் நூல் கயிற்றோடு நான் திரும்பி வந்தபோது ஊர் கொதித்துக்கொண்டிருந்தது.

ஏழுமலையின் அண்ணன் ஆறுமுகம், வெளியூரிலிருந்து தம்பியைத் தேடி வந்தவன், குரல் கொடுக்காமல் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறான். குதிரடியில் தம்பி, பழைய சேலைத் துணியில் கை கட்டுண்டு. பார்த்தவன் தெருவெல்லாம் கத்திவிட்டான். தம்பியைப் பெண்டாட்டி கட்டிவைத்து அடிக்கிறாள், நாளை காலை ஊர்க் கூட்டம், கல்யாணத்தைத் தீர்த்துவிட்டுத் தம்பியைத் தன்னோடு அழைத்துக்கொண்டு போகப்போகிறான். அவன் பாசத்தைப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஏழுமலை பெண்டாட்டியின் ஊரோடு வந்துவிட்டதிலிருந்து அண்ணன் ஏற்றத்தில் ஏற ஆளில்லை என்பதும் ஊரறிந்த விஷயம்.

ஏழுமலை அன்று முழுக்க "போவமாட்டேன்" என்று மட்டும் ஒரு தடவை சொன்னான். கூட்டத்தில் அதைச் சொல்ல வேண்டுமானால் காரணத்தையும் சொல்ல வேண்டும். ஊர் நடுவில் அதை எப்படிச் சொல்வான்?

காலையில் கன்னியம்மாவைத் தனியாகப் பிடித்தேன். "தாயீ, நீங்க 'பேசு'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பேசிடுவாரு. உங்க சொல்லைத் தட்டமாட்டாரு."

"அதான் சொல்லமாட்டேன்."

"வீடு பிரிஞ்சிடுமே."

"பிரிஞ்சா பிரியட்டும். நான் சொல்லி அவரு பேசுனா அது யாரு பேச்சு? எம் பேச்சு. அப்ப ஆறுமுகம் சொல்றது நெசமாப் பூடும். இத்தனி நாளு அவரா வந்து கேட்டாருன்னு நெனச்சிக்கினு கீறேன். அது நெசமா பொய்யான்னு எனக்கும் இன்னிக்கித் தெரியணும்." சொல்லிவிட்டுக் கொண்டையை முடிந்துகொண்டாள்.

ஊர் ஏரி மதகடியில் கூட்டம். நாட்டாமை வயதானவர், பல்லில்லாத வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார். ஆறுமுகம் தம்பியின் கையைத் தூக்கிக் காட்டினான். "பாருங்க. மாட்டக்கூட இப்டிக் கட்டமாட்டோம். கயிறு வித்தவனே இதோ நிக்கிறான், கேளுங்க!"

என்னை முன்னால் தள்ளினார்கள்.

"இன்னாத்துக்கு கயிறு வாங்குச்சி இந்தப் பொண்ணு?"

"கட்டத்தான்," என்றேன். கூட்டம் ஊளையிட்டது. "ஆனா என் நார்க் கயிறு தோலை அறுக்கும்னு வேணாம்னு சொல்லி, நூல் கயிறு கேட்டாங்க. நோகடிக்கிறவங்க எதுக்கு மெத்துன்னு கயிறு தேடணும்? என் மூட்டையே போதுமே."

"கட்டுனா இல்லியா? அத்தச் சொல்லு!" என்று ஆறுமுகம் பாய்ந்தான். நான் உதவப் போய்க் கட்டியதை உறுதிப்படுத்தியதுதான் மிச்சம்.

நாட்டாமை கன்னியம்மா பக்கம் திரும்பினார். "நீ இன்னாம்மா சொல்ற?"

"அவரக் கேளுங்க," என்றாள்.

எல்லாரும் ஏழுமலையைப் பார்த்தார்கள். அவன் கன்னியம்மாவைப் பார்த்தான். எப்போதும் பார்க்கிறபடி, அவள் கண் எங்கே போகிறது, விரல் எங்கே காட்டுகிறது என்று. அவள் முகத்தைத் திருப்பி ஏரித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் காத்திருந்தான். அவள் திரும்பவில்லை. வேர்த்து வழிந்தது அவனுக்கு.

"பாத்தீங்களா, பயந்து சாவறான்!" என்றான் ஆறுமுகம். "வாடா, நம்ம வூட்டுக்குப் போலாம்."

அண்ணன் பிடித்த கையை ஏழுமலை மெல்ல உருவிக்கொண்டான்.

"நாந்தான் கேட்டேன்," என்றான்.

"இன்னாத்த?"

"கட்டச் சொல்லி. எனக்குப் புடிக்கும். அவளுக்கு மொதல்ல புடிக்கல. கெஞ்சினேன். ரெண்டு தட்டு தட்டுனா அவுத்துடுவா. ஒரு வாட்டிகூட அவுக்காம இருந்ததில்ல." மூச்சு வாங்கிக்கொண்டு, "நான் எங்கியும் வரமாட்டேன்" என்றான்.

கூட்டத்தில் எவனோ, "பொட்டப் பயலே!" என்றான். சிரிப்பு கிளம்பியது.

ஏழுமலை அவன் பக்கம் திரும்பினான். "அந்த நெடுமரத்துமேல என்னாட்டம் ஒரு நாளு நடந்துட்டு வந்து இத்தச் சொல்லுடா."

நாட்டாமை கையை உயர்த்தி அடக்கினார். "டேய் ஏயுமல, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இது உன் சொல்லா, இவ சொல்லிக் குடுத்ததா?"

"அவ சொல்லிக் குடுத்திருந்தா இவ்ளோ நேரம் முயிச்சிக்கினு நிப்பனாங்க?"

கூட்டம் மறுபடி சிரித்தது. இந்தத் தடவை வேறு சிரிப்பு. நாட்டாமையின் மனைவி பின்னாலிருந்து, "இவுரு வூட்ல யாரு பேச்சி நடக்குதுன்னு இவுர யாராச்சும் கேளுங்களேன்!" என்று குரல் கொடுத்தாள். கிழவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "தே, சும்மாகெட" என்றவர், ஆறுமுகத்தைப் பார்த்தார். "அவன் சம்மதம், அவ சம்மதம். நடுவுல உனக்கின்னா பேஜாரு? இனிமே தம்பி வூட்டுக்குப் போனா வாசல்லேர்ந்து கூப்டு. எய்ந்திருங்க எல்லாரும், வேலயப் பாருங்க."

ஆறுமுகம் துண்டை உதறிக்கொண்டு போனான். வழக்கமாக ஏழுமலையோடு சுருட்டைப் பங்கிட்டுக்கொள்ளும் இரண்டு பேர் அன்று அவனைத் தாண்டிப் போனதையும் பார்த்தேன். சொன்னதற்கு விலை இல்லாமல் இல்லை. நான் பார்த்த ஆட்சிகளில் சரோஜாவுடையது இனிமை, தானியேலுடையது ஒழுங்கு. ஆனால் தன் கையில் இருக்கிற அதிகாரத்தை, அது மிகவும் தேவைப்பட்ட இடத்தில், கீழே வைத்துவிட்டு நின்றவளைத் திருமுக்கூடலில் மட்டும்தான் பார்த்தேன்.

ஏரிக்கரை ஒற்றையடிப் பாதை. நான் உத்திரமேரூர் பஸ்ஸுக்குப் போக வேண்டும், கொஞ்ச தூரம் அவர்களோடு ஒரே வழி. கன்னியம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள், வேர்வையா வேறா என்று நான் பார்க்கவில்லை. பாதை குறுகிய இடத்தில் ஏழுமலை அவள் முன்னே போகட்டும் என்று ஒதுங்கி நின்றான்.

அவள் நகரவில்லை. "இன்னிக்கி நீ முன்னால போ," என்றாள்.

அவன் தயங்கினான். "நானா?"

"கேக்கலய்யா. சொல்றேன்."

அவன் முகம் முழுக்க மலர்ந்துவிட்டது. திரும்பி, ஊர் பார்க்க, முன்னால் நடந்தான்.